நாம்ப இப்ப மெதுவாப் போடப் போறோம்

எதிரே நிற்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. அவரை விட்டுவிட்டால் 'நாங்கள்'. இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். தெருவில் கோலி ஆடுகிற பிள்ளைகூட, "நாங்க ஜெயிச்சிட்டோம், நீங்க தோத்துட்டீங்க" என்று சரியாகச் சொல்லும். எங்கள் கம்பெனி டீமில் பந்து வீசிய அந்த மனுஷருக்கு மட்டும் இது மண்டையில் ஏறவே இல்லை. யாரைப் பார்த்தாலும் 'நாம்ப'. எந்த டீமானாலும் 'நம்ப டீமு'. எதிர் டீமின் ஓப்பனிங் பேட்ஸ்மேனைப் போல்டாக்கிவிட்டு, அவன் தோளிலேயே கையைப் போட்டுக்கொண்டு, "அவுட்டாயிட்டோமே நைனா" என்று வருத்தப்பட்ட பவுலரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ஸ்டம்புக்குப் பின்னால் க்ளவுஸைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

நான் மயிலாப்பூர்க்காரன். ஆழ்வார்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கம்பெனிக்கு ஒரு கிரிக்கெட் டீம் உண்டு. நகர லீகில், கீழிருந்து எண்ணினால் சீக்கிரமே வந்துவிடுகிற ஒரு டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தோம். கேப்டனும் நான்தான், விக்கெட் கீப்பரும் நான்தான். அந்த மனுஷர் எல்லோரையும் 'நைனா' என்று கூப்பிடுவார். ஆகவே எல்லோரும் அவரையும் நைனா என்றே கூப்பிட்டார்கள். என்னை மட்டும் கேப்டன் என்பார். அந்த மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்பதில்தான் குறைச்சல்.

எங்களிடம் வருவதற்கு முன்னால் அவர் ஆடாத டீம் கிடையாது. அம்பத்தூரில் ஒரு பட்டறை டீம், கிண்டியில் ஒரு மருந்துக் கம்பெனி, திருவொற்றியூரில் ஒரு கிளப், தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜின் முன்னாள் மாணவர் டீம். அந்தக் காலேஜுக்குள் அவர் படிக்கிறதற்காக நுழைந்ததே இல்லை. இதெல்லாம் போதாதென்று ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்குகளின் டீம், கொழும்பில் அரை சீசன், இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்து கிளப்பில் ஒரு கோடைகாலம். பந்து போட்டே பிழைத்த மனுஷர். எங்கேயும் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்ததில்லை. சண்டை போட்டிருந்தாலாவது புரியும். எல்லா இடத்திலும் மாலை போட்டு, கட்டிப்பிடித்து, கண்ணீர் விட்டு அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பிவிட்டு அந்த டீம் கேப்டன் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டிருப்பான். எனக்குத் தெரியாதா?

இங்கிலாந்துக் கதையை அவர் வாயால் கேட்கவேண்டும். "அங்க நம்ப டீமுல ஒரு ரொட்டிக்கடைக்காரரு, ஒரு பாதிரியாரு, மாடு வெச்சிருக்கிற ஒருத்தரு. எல்லாம் தங்கமான ஆளுங்க கேப்டன். குளிருதான் தாங்கல" என்பார். அங்கே இவருடைய வியாதியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இங்கிலீஷில் இருப்பது ஒரே ஒரு 'வீ'. அதில் யார் உள்ளே, யார் வெளியே என்று அந்த ஊர்க்காரனுக்கே தெரியாது. இவரும் நிம்மதியாக எதிர் டீம்காரனைப் பார்த்து 'வீ, வீ' என்று சொல்லிக்கொண்டு ஒரு கோடைகாலத்தை ஓட்டிவிட்டார்.

எங்களிடம் சேர்ந்த முதல் வாரம், தி.நகர் மைதானத்துக்கு நெட்ஸ் பயிற்சிக்கு வந்தார். போட்டிருந்தது எங்களுக்குப் பரம வைரியான ஒரு டீமின் டீ-ஷர்ட். முதுகில் அந்தக் கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில்.

"யோவ், இது யாரோட டீம் சட்டை?" என்றேன்.

"நம்ப டீமு தான் கேப்டன்."

"எந்த நம்ம?"

குனிந்து சட்டையைப் பார்த்தார். பிறகு கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், "போன வருசத்து நம்ப" என்றார்.

அவர் போனில் இருந்த பெயர்களெல்லாம் 'நம்ப' என்றுதான் ஆரம்பிக்கும். நம்ப முரளி, நம்ப எலக்ட்ரீசியன், நம்ப அம்பயர், நம்ப ஷார்ஜா. ஒரு ஆளைத் தேடுவதற்கு 'ந' பக்கத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பார், கோடம்பாக்கம் பாலத்தில் மாட்டிக்கொண்ட பஸ் மாதிரி அது நகரவே நகராது. என் பெயரை எப்படி வைத்திருக்கிறார் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தேன். 'நம்ப கேப்டன் புதுசு' என்று இருந்தது. பழசு எத்தனை பேரோ!

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் பந்தலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எதிர் டீம் பந்தலில் போய், அவர்கள் இலையில் அவர்களுடைய சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சரி, போனதுதான் போனார், அவர்கள் என்ன திட்டம் போடுகிறார்கள் என்றாவது கேட்டுக்கொண்டு வரலாம் இல்லையா? கேட்டேன்.

"ச்சே ச்சே, அது தப்பு கேப்டன். சோறு போட்டவன் வாயப் பாத்துட்டு வந்து இங்க சொல்றதா?" என்று எனக்கே நியாயம் சொன்னார்.

எங்கள் விஷயத்தை அங்கே கொட்டுவது மட்டும் தப்பில்லை. அது பேச்சுவாக்கில் வருவதாம்.

ஒரு மழைக்காலத்தில் வேளச்சேரி வழக்கம்போல் மிதந்தது. மறுநாள் விட்டு மறுநாள் எங்களுக்கு மேட்ச். மைதானம் காய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் பார்த்தால் எதிர் டீமின் ஓப்பனிங் பேட்ஸ்மேன் வீட்டில் முழங்கால் தண்ணீரில் நின்று, அவனுடைய பிரிட்ஜை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். தோள்பட்டை பிடித்துக்கொண்டது. மேட்ச் அன்றைக்குக் கை மேலே போகவில்லை. போட்டதெல்லாம் தரையில் படாமல் நேரே மட்டைக்குப் போகிற ஃபுல் டாஸ். அதை வெளுத்து வாங்கியவன் யார் என்கிறீர்கள்? சாட்சாத் அந்த பிரிட்ஜுக்குச் சொந்தக்காரன்! அவன் ஐம்பது அடித்தபோது எங்கள் ஃபீல்டர்கள் எல்லோரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்க, மைதானத்தின் நடுவில் ஒரே ஒருவர் மட்டும் கை தட்டினார். தோள் வலியோடு தட்டினார்.

இத்தனைக்கும் நல்ல பவுலரா என்றால், அடடா, அதில்தான் வயிற்றெரிச்சல். ஒல்லியான, நெட்டையான உடம்பு. நிதானமாக ஓடிவந்து அந்தக் கையைச் சுழற்றினால், வேகமான பந்தா மெதுவான பந்தா என்று ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கிற எனக்கே பாதி நேரம் தெரியாது. கையின் வேகம் அதேதான். பந்து மட்டும் யோசித்து யோசித்து வரும். பேட்ஸ்மேன் மட்டையை முழுக்கச் சுற்றி முடித்து, திரும்பிப் பார்க்கும்போதுதான் வந்து சேரும். அந்த ஒரு பந்துக்காகத்தான் ஊர் உலகமெல்லாம் இவரைக் கூப்பிட்டது. அந்த ஒரு பந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தைகூட அடித்துவிடும். அப்படியிருக்க, அதைப் போடுவதற்கு முன்னால் மனுஷர் என்ன செய்வார் தெரியுமா? சொல்லிவிடுவார்.

கிரிக்கெட் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு பேட்ஸ்மேன்கள் களத்தில் இருப்பார்கள். ஒருவன் பந்தை அடிப்பவன். இன்னொருவன் பவுலர் பக்கத்து முனையில் சும்மா நிற்பவன். பவுலர் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி நடக்கும்போது, இந்தச் சும்மா நிற்பவனைத் தாண்டித்தான் போகவேண்டும். மற்ற பவுலர்கள் அவனைப் பார்த்து முறைப்பார்கள், இல்லாவிட்டால் பார்க்காமல் போவார்கள். நம்மவருக்கு அப்படிப் போக வராது. பக்கத்தில் ஒரு மனுஷன் நிற்கிறானே, அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் எப்படிப் போவது? "இன்னா நைனா, வூட்ல எல்லாம் சௌக்கியமா? நாம்ப இப்ப மெதுவாப் போடப் போறோம்." இதுதான் பேச்சு. நடு மைதானத்தில், அவன் கூட்டாளியை அவுட்டாக்கப் போகிற திட்டத்தை, அவனையும் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு சொல்வது!

முதல் தடவை இது எனக்குத் தெரிந்தபோது நான் க்ளவுஸைக் கழற்றித் தரையில் அடித்தேன்.

"ஏன்யா, அறிவிருக்கா உனக்கு? அவன்கிட்ட ஏன்யா சொல்ற?"

"பக்கத்துலயே நிக்கிறான் கேப்டன். சொல்லாம போட்டா ஒரு மாதிரி கீது."

இந்த மனுஷரிடம் பேசிப் பேசியே எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். டாக்டர் உப்பு என்றார். நான் டாக்டரை நம்பவில்லை.

இப்படி எரிச்சலும் சிரிப்புமாகவே போயிருந்தால் பரவாயில்லை. கடைசி சீசனில் விஷயம் கழுத்துக்கு வந்துவிட்டது. எங்கள் டீம் வரிசையாகத் தோற்று அடிமட்டத்துக்கு வந்திருந்தது. மேனேஜ்மென்ட்டில் இருந்து என்னைக் கூப்பிட்டுத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். இந்த வருஷம் டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் டீமையே கலைத்துவிடுவார்கள். ஆட்டத்துக்காகக் காண்ட்ராக்டில் எடுத்தவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இறங்காமல் நின்றால் சீனியாரிட்டிப்படி ஒருவரை நிரந்தரமாக்குவார்கள். அந்த ஒருவர் நைனாதான். எனக்கு ஒன்றும் ஆகாது, நான் கணக்குப் பிரிவு. அவருக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதை விட்டால் வேறு எந்த டீமும் அவரைத் தொடாது.

அந்த வாரம் அவர் மனைவி ஆபீசுக்கு வந்தார். கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருந்தார்கள். அடையாறில் ஒரு துணி தைக்கிற இடத்தில் வேலை. வேலைக்கு நடுவில் வந்திருப்பார் போல, கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. ரிசப்ஷனில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"சார், இந்த வேல ஒண்ணாச்சும் நெலைக்கணும் சார். இவரு டீமு மாறும்போதெல்லாம் வூடு மாறி, ஸ்கூலு மாறி, எம் பெரிய பொண்ணுக்கு எந்த டீச்சரு பேரும் ஞாபகத்துல இல்ல. இப்ப ஒம்பதாவது வந்துட்டா. இனிமே என்னால மூட்ட கட்ட முடியாது. அவரு வாயக் கொஞ்சம் கட்டி வெய்யுங்க சார்."

"நானாம்மா? நீங்க இத்தனை வருஷம் கட்டி வெச்சீங்களா?"

"என்னால முடிஞ்சா உங்ககிட்ட வருவேனா சார்?" என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிப்பார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே லஸ் பக்கத்தில் ஒரு காபிக் கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். காபி ஆறுகிற வரைக்கும் திட்டினேன். உன் பெண்டாட்டி, உன் பிள்ளைகள், உன் வயது என்று ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "வாயத் தொறக்கல கேப்டன். சத்தியமா" என்றார். சொல்லிவிட்டு, பக்கத்து மேஜைக்காரரிடம் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி, "நம்ப கடையில சக்கர கம்மியாத்தான் போடுவாங்க" என்றார். அந்த மேஜைக்காரர் முன்பின் தெரியாத ஆள்.

கடைசி மேட்ச் அடையாறு பக்கம் ஒரு மைதானத்தில். எதிரே ஒரு பம்ப் கம்பெனி டீம். அவர்களும் எங்களைப் போலவே அடியில் கிடந்தார்கள். ஜெயித்தவர் தப்பிப்பார், தோற்றவர் இறங்குவார். அவ்வளவுதான் கணக்கு. அவர்கள் இரண்டாவதாக ஆடினார்கள். கடைசி ஓவர் வந்தபோது அவர்களுக்கு ஐந்து ரன் வேண்டும், எங்களுக்கு ஒரு விக்கெட் வேண்டும். அடிக்கிற முனையில் அவர்களுடைய பதினோராவது ஆட்டக்காரன், கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறவன். மறுமுனையில் பாபு. அந்த டீமின் கீப்பர் அவன், நன்றாக ஆடி நின்றுகொண்டிருந்தான். முன்பு ஏதோ ஒரு கிளப்பில் நைனாவோடு ஆடியவன். அதில் என்ன அதிசயம்? எல்லோரும் அவரோடு ஆடியவர்கள்தான்.

முதல் இரண்டு பந்தையும் பதினோராவது ஆள் சுற்றினான், படவில்லை. நான் ஓடிப்போய், க்ளவுஸால் வாயை மறைத்துக்கொண்டு, நைனாவின் காதுக்குள் சொன்னேன்: "மெதுவான பந்து. கொஞ்சம் வெளியே. அவன் இறங்கி வருவான், நான் பாத்துக்கறேன். வாய் மூடி இருக்கணும். உன் பெரிய பொண்ணை நினைச்சுக்கோ."

தலையை ஆட்டினார். திரும்பி நடந்தார். பாபுவின் பக்கத்தில் போனதும் நின்றார்.

எனக்கு உயிர் போய்விட்டது. உதடு அசைவது தெரிந்தது. பாபு ஏதோ பதில் சொன்னான். இவர் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்தார். கட்டியிருந்த லேஸை, அவிழ்த்து, மறுபடி கட்டினார்! அவன் குனிந்து ஏதோ சொல்கிறான், இவர் நிமிர்ந்து ஏதோ சொல்கிறார்.

"என்னய்யா பேச்சு அங்க? போடுய்யா பந்தை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அம்பயரும் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாம் போச்சு, இப்போது பாபு நடு பிட்ச் வரை வந்து தன் ஆளிடம் சொல்வான், அவன் காத்திருந்து அடிப்பான் என்று நினைத்தேன். பாபு வரவில்லை. நின்ற இடத்திலேயே மட்டையால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

நைனா ஓடிவந்தார். அந்தக் கை சுழன்றது. பந்து யோசித்து யோசித்து வந்தது. பதினோராவது ஆள் க்ரீஸ் கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு இறங்கி, மட்டையைச் சுற்றி முடித்துவிட்டு நின்றான். பந்து என் கைக்கு வந்தது. அவன் திரும்புவதற்குள் ஸ்டம்பின் மேலிருந்த பெயில்ஸைத் தட்டினேன்.

ஸ்டம்பிங்! என் ஆட்ட வாழ்க்கையிலேயே அப்படி ஒரு ஸ்டம்பிங் செய்ததில்லை. பசங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் போட்டோ வந்தது. கணக்குப் பிரிவில் அதை நான் திரும்பத் திரும்பச் சொன்னதில், நான் எழுந்து நின்றாலே ஆட்கள் டீ குடிக்கக் கிளம்பினார்கள். நைனாவுக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. அவர் மனைவி ஒரு தூக்கில் பால்கோவா கொண்டுவந்து கொடுத்தார். டீமைக் காப்பாற்றியது நான், அவர் குடும்பத்தைக் காப்பாற்றியது நான் என்று ஒரு மிதப்பில் அந்தக் கோடையைக் கழித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் மணி அடித்தது. நைனா. பக்கத்தில் பாபு, புதிதாகத் தேய்த்த சட்டையில், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

"கேப்டன், நம்ப டீமுல இவனுக்கு ஒரு எடம் வோணும்" என்றார் உட்காருவதற்கு முன்பே.

"ஏன், அவங்க டீம் என்னாச்சு?"

"கலைச்சிட்டாங்க சார்" என்றான் பாபு. "நானும் காண்ட்ராக்ட்தான். வேல போயிடுச்சி."

எனக்குச் சங்கடமாக இருந்தது. ஜெயித்த டீமின் கேப்டன் என்ன சொல்வான்? "என்ன பண்றது பாபு, ஆட்டம்னா அப்படித்தான்" என்று ஏதோ உளறினேன்.

"அதான் கேப்டன், அன்னிக்கே இவன் சொன்னான்ல" என்றார் நைனா.

"என்னிக்கு? என்ன சொன்னான்?"

அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்கவேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் போனேன் கேப்டன். இவன் மூஞ்சப் பாத்ததும் வந்துடுச்சி. நாம்ப இப்ப மெதுவாப் போடப் போறோம்னுட்டேன். அப்பால, தோத்துட்டா எனக்கு வேல போயிடும் நைனான்னும் சொல்லிட்டேன். இவன் சொல்றான், 'அண்ணே, எனக்கும் அதே கததான்'னு. எனக்குக் கை காலு ஓடல. அதுக்குதான் லேஸ அவுத்தேன். கொஞ்சம் டைம் வோணும்ல? நாங்க ரெண்டு பேரும் அங்கியே பேசி முடிச்சிட்டோம்."

நாங்க. அந்த வாயிலிருந்து நான் கேட்ட முதல் 'நாங்க'. எதிர் டீம், அம்பயர், இங்கிலாந்துப் பாதிரியார், காபிக் கடையில் முன்பின் தெரியாத மனுஷர் என்று ஊரையே உள்ளே சேர்த்துக்கொண்டவர், வெளியே நிறுத்தியது என்னை ஒருவனைத்தான். எனக்கு அது வலித்தது. நிஜமாகவே வலித்தது.

"என்னய்யா பேசி முடிச்சீங்க?" என்றேன்.

பாபுதான் சொன்னான். "அண்ணனுக்கு ரெண்டு பொண்ணுங்க சார். எனக்கு இன்னும் கண்ணாலமே ஆவல. வயசும் கீது. அண்ணனுக்கு இத்த வுட்டா வேற இல்ல. 'நீ போடுண்ணே, நான் எங்க ஆளுகிட்ட சொல்லல'ன்னேன். அண்ணன்தான், 'எனக்கு வேல நெலச்சிட்டா உனக்கு நம்ப டீமுல எடம் புடிச்சித் தரேன்'னாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? லீக்ல நான் ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு பேருக்கும் ஜென்மத்துக்கும் ஆட்டம் கிடையாது! ஒரு டீமே காணாமப் போயிருக்கு! ஷூ லேஸ் கட்டற நேரத்துல பேசி முடிச்சிட்டாங்களாம்! அங்க நான் ஒருத்தன் முட்டாள் மாதிரி ஃபீல்டிங் நிக்க வெச்சிட்டிருக்கேன்!"

"தப்புதான் கேப்டன்" என்றார் நைனா. முகத்தில் நிஜமான வருத்தம். "நீங்க யார்கிட்ட வோணாலும் சொல்லுங்க, நான் வந்து ஒத்துக்கிறேன். ஆனா மொதல்ல இவனுக்கு எடம் உண்டா இல்லியான்னு சொல்லிடுங்க."

நான் பாபுவைப் பார்த்தேன். கேட்கக்கூடாது என்று நினைத்தேன், ஆனாலும் கேட்டுவிட்டேன். "நீ சொல்லியிருந்தா அவன் அடிச்சிருப்பானா?"

"அடிச்சிருப்பான் சார்" என்றான் பாபு. பிறகு அவசரமாக, "ஆனா ஸ்டம்பிங் நல்லாப் பண்ணீங்க சார்" என்றான்.

சமையலறையில் என் மனைவி மிக்ஸியை நிறுத்திவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எடம் எடம்னா எங்கய்யா இருக்கு எடம்?" என்று நைனாவின் மேல் பாய்ந்தேன். "பேட்ஸ்மேன் இருக்கான், பவுலர் இருக்கான். இவன் கீப்பர்யா!"

"தெரியும் கேப்டன்."

"ஒரு டீம்ல ஒரு கீப்பர்தான்யா ஆடமுடியும்!"

"தெரியும் கேப்டன்" என்றார். ரொம்ப மெதுவாக, நோகாமல் சொன்னார். சொல்லிவிட்டு என் முட்டிகளைப் பார்த்தார். "நீங்களும் எத்தினி வருசந்தான் ஒவ்வொரு பாலுக்கும் உக்காந்து எந்திரிப்பீங்க?"

"அவர் சொல்றது சரிதானேன்னா" என்றாள் உள்ளேயிருந்து என் மனைவி. "ஞாயித்துக்கிழமை ஆனா தைலத்தை எடுத்துண்டு நான்தானே உக்காந்திருக்கேன்."

என் வேலை பத்திரம். என் சம்பளம் பத்திரம். என் டீமில் நான் நின்றுகொண்டிருக்கிற அந்த ஓரடி இடம்தான் அந்தப் பையனுடைய சாப்பாடு. இதை இந்த மனுஷர் எந்த நேரத்தில் யோசித்தாரோ, லேஸை அவிழ்த்தபோதா, கட்டியபோதா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திட்டுவதற்கு வார்த்தை தேடினேன். இத்தனை வருஷம் திட்டித் திட்டி எல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

உள்ளே போய், கட்டிலுக்கு அடியிலிருந்து கிட் பேக்கை இழுத்து, க்ளவுஸை எடுத்துக்கொண்டு வந்து பாபுவிடம் நீட்டினேன். போட்டுப் பார்த்தான். விரல் பாதிகூட உள்ளே போகவில்லை. அவன் கை என் கையைவிடப் பெரிது. புது க்ளவுஸ் வாங்க மறுநாள் அவர்கள் இரண்டு பேரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான்.